ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: புதிதாக ஆட வருபவர் முதலில் பழக வேண்டியவை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இருவர் மோதிக்கொள்ளும் சண்டை வீடியோ கேம். முதல் வாரம் முழுக்க நான் அதில் ஒரே ஒரு காம்போவைத்தான், அதாவது இடைவெளியில்லாமல் தொடரும் அடிகளின் வரிசையைத்தான், பழகினேன். மூலையில் மாட்டிய எதிராளியின் உயிரில் பாதியை ஒரே மூச்சில் கரைக்கும் நீளமான காம்போ. ட்ரெயினிங் மோடில் பத்துக்கு எட்டு முறை சரியாக வந்தது. அந்தத் தெம்பில் ஆன்லைனுக்குப் போனேன். எதிரே வந்தவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குதித்தார், உதைத்தார், காலைத் தட்டிவிட்டார், மறுபடி குதித்தார். நான் பழகி வைத்திருந்த காம்போவைத் தொடங்க ஒரு தடவைகூட இடம் கிடைக்கவில்லை. அன்று தொடர்ந்து பதினேழு ஆட்டம் தோற்றேன்.

அடுத்த வாரம் காம்போவை ஓரமாக வைத்துவிட்டு, குதித்து வருபவரை வானத்திலேயே அடித்து இறக்குவதை மட்டும் பழகினேன். அதற்குப் பிறகுதான் ஆட்டம் என்றால் என்னவென்றே புரிய ஆரம்பித்தது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்: முதலில் எதிராளியைப் பார்க்கக் கற்பது, அப்புறம் தடுப்பது, அப்புறம் அடிப்பது, கடைசியாகக் காம்போ. பெரும்பாலான காணொளிகள் இதைத் தலைகீழாகச் சொல்லித்தருகின்றன. புதியவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளை கேப்காம் 2023 ஜூன் 2-ல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-லிருந்து எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு வசதி அதிகம் செய்து கொடுத்திருக்கும் ஆட்டம் அது. டெக்கன் போன்ற ஆட்டங்களில் பட்டன்கள் வேறு மாதிரி இருக்கும். அங்கே நான்கு பட்டன்களும் இரண்டு கை, இரண்டு கால் என்று பிரிந்திருக்கும். ஆனால் தூரம், முறை, தடுப்பு பற்றிய பாடங்கள் அங்கேயும் செல்லும்.

எந்த ஆள், எந்தக் கன்ட்ரோல்

ஆள் தேர்வில் நாள் கணக்கில் யோசிக்க வேண்டாம். ரியூ, லூக், கென் மூவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து தாக்க ஒன்று, குதித்து வருபவரை இறக்க ஒன்று, கிட்டத்தில் அடிக்கச் சில என்று எல்லா அடிப்படைக் கருவிகளும் இவர்களிடம் உண்டு. நான் ரியூவை வைத்துச் சொல்கிறேன். வேறு யாரையாவது பார்த்ததும் பிடித்துப்போனால் அவரையே எடுங்கள். பிடித்த ஆளோடு ஆடுபவர்தான் நூறாவது தோல்விக்குப் பிறகும் திரும்பி வருவார்.

கன்ட்ரோல் வகை மூன்று. கிளாசிக்கில் ஆறு பட்டன்கள்: லைட், மீடியம், ஹெவி என மூன்று பஞ்ச், அதே போல மூன்று கிக். ஸ்பெஷல் மூவ்களுக்கு, அதாவது ஒவ்வோர் ஆளுக்கும் உரிய சிறப்பு அடிகளுக்கு, திசை அசைவைச் சுற்றிக் காட்ட வேண்டும். மாடர்னில் பட்டன்கள் குறைவு. ஸ்பெஷலுக்கு ஒரு தனி பட்டனும் ஒரு திசையும் போதும். அந்த எளிய வழியில் போடும் ஸ்பெஷலுக்கு அடியின் பலம் 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கிடைக்காது. மூன்றாவது டைனமிக்; அது கண்டபடி அழுத்தினாலும் ஆட்டம் தானாகப் பார்த்துக்கொள்ளும் வகை, ஆன்லைன் போட்டியில் கிடையாது.

மாடர்னில் ஆடுவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விரல் பழகும் வரை காத்திருக்காமல் ஆட்டத்தின் உள்ளே போவதற்கு அது நல்ல வாசல். திசை அசைவுகளைப் பழகுவதே பிடித்திருக்கிறது என்பவர் கிளாசிக்கில் தொடங்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

கன்ட்ரோலர் எது என்ற கேள்விக்கும் நீளமான பதில் தேவையில்லை. கையில் இருப்பதே போதும்.

நடையும் தடுப்பும்

உங்கள் ஆள் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வலது திசை அழுத்தினால் முன்னே நடப்பார், இடது அழுத்தினால் பின்னே போவார். எதிராளி அடிக்கும் நேரத்தில் பின் திசை பிடித்திருந்தால் அதுவே தடுப்பு. தடுப்பதற்கென்று தனி பட்டன் இல்லை.

நின்று தடுப்பது, உட்கார்ந்து தடுப்பது என்று இரண்டு உண்டு. பின் திசையை மட்டும் பிடித்தால் நின்று தடுப்பு. கீழ்ப்பின் மூலையைப் பிடித்தால் உட்கார்ந்து தடுப்பு. காலில் விழும் அடிகளை உட்கார்ந்துதான் தடுக்க முடியும். குதித்து அடிப்பதையும், ஓவர்ஹெட் எனப்படும் தலைக்கு மேலிருந்து இறங்கும் அடிகளையும் நின்றுதான் தடுக்க முடியும். பழக்கத்தில் கீழ்ப்பின் மூலையையே வழக்கமான இடமாக வைத்துக்கொள்ளுங்கள். காலடி வேகமாக வரும், பார்த்துத் தடுப்பது கடினம். ஓவர்ஹெட் மெதுவாக வரும், குதிப்பு அதைவிட மெதுவாக வரும். அவற்றைக் கண்ணால் பார்த்து எழுந்து தடுக்கலாம்.

எதிராளி உங்கள் தலையைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் இறங்கினால் பின் திசையும் மாறிவிடும். இதை கிராஸ்-அப் என்பார்கள். ஆரம்பத்தில் இதில் நிறைய அடி வாங்குவீர்கள், பரவாயில்லை.

இப்போது முதல் பயிற்சி. ஆன்லைனில் ஐந்து ஆட்டம், வெல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஆடுங்கள். செய்ய வேண்டியது இரண்டுதான்: நடப்பது, தடுப்பது. குதிக்கக் கூடாது. எதிராளி எப்போது குதிக்கிறார், அடித்து முடித்ததும் என்ன செய்கிறார், கீழே விழுந்து எழும்போது என்ன பட்டனை அழுத்துகிறார் என்று கவனித்துக்கொண்டே இருங்கள். ஐந்திலும் தோற்பீர்கள். ஆனால் அந்த மட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நாலைந்து பழக்கங்களை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது கண்ணில் படும்.

விரலில் ஏற வேண்டிய இரண்டு அசைவுகள்

கிளாசிக்கில் ரியூவுக்கு முதலில் வேண்டியவை இரண்டு. ஒன்று ஹடோகென் என்ற நெருப்புப்பந்து: கீழ், கீழ்முன், முன், உடனே பஞ்ச். மற்றொன்று ஷோர்யுகென் என்ற எழும்பும் குத்து: முன், கீழ், கீழ்முன், உடனே பஞ்ச்.

ஹடோகென் வராமல் உட்கார்ந்த குத்து மட்டும் வருகிறதா? திசை 'முன்' வந்து சேர்வதற்குள் பஞ்ச் அழுத்திவிட்டீர்கள். கட்டை விரலை ஒவ்வொரு திசையாகத் தூக்கித் தூக்கி அழுத்தாதீர்கள். விரலின் சதையைக் கீழ்ப் பட்டனில் வைத்து அப்படியே முன்பக்கம் உருட்டுங்கள், மை தடவிய விரலைக் காகிதத்தில் உருட்டி ரேகை பதிப்பது போல. உருட்டல் நின்ற இடத்தில் மறு கை பஞ்சை அழுத்தட்டும். ஆரம்பத்தில் வேகம் வேண்டாம். மெதுவாகச் செய்தாலும் ஆட்டம் ஏற்றுக்கொள்ளும்; எல்லாத் திசையும் வரிசையாகப் பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. ட்ரெயினிங் மோடில் நீங்கள் அழுத்தியது எல்லாம் திரையின் ஓரத்தில் அம்புக்குறிகளாக ஓடும். தப்பியபோது அதைப் பாருங்கள். எந்த அம்பு விடுபட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

எல்லோருக்கும் வரும் இன்னொரு சிக்கல்: முன்னே நடந்துகொண்டே ஹடோகென் போடப் பார்த்தால் ஷோர்யுகென் வந்துவிடும். நடந்த 'முன்' திசையையும் சேர்த்து, முன், கீழ், கீழ்முன் என்று ஆட்டம் படித்துவிடுகிறது. நடையை விட்டு ஒரு கணம் கட்டை விரலை நடுவில் தளர்த்தி, பிறகு உருட்டினால் சரியாகும்.

ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து. இரண்டு பக்கமும் பழகுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வரும் ஆளாக நின்றுவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

குதித்து வருபவரை இறக்குவது

முழுக் கட்டுரையிலும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆன்டி-ஏர் என்று பெயர். கீழ்மட்ட ரேங்க்குகளில் எதிராளிகளின் தாக்குதலில் பெரும்பகுதி குதிப்பில்தான் தொடங்கும். குதிப்பை நிறுத்திவிட்டால் அவர்களுக்கு வேறு வழி தெரியாது.

குதித்தவர் வானில் தடுக்க முடியாது. இறங்கும் இடமும் குதித்த அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடும். இந்த ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் ஓடுகிறது. ஒரு பிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. சாதாரண குதிப்பு ஒன்று மேலே போய் இறங்க நாற்பது பிரேமுக்கும் மேல் ஆகும். மனிதக் கண் பார்த்து விரல் அசைய சுமார் கால் நொடி, அதாவது 15 பிரேம் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் ஏன் அடிக்க முடிவதில்லை? நாம் வேறு எதையோ செய்துகொண்டிருப்பதால். நெருப்புப்பந்து போட்டு முடிக்காத கையால் ஷோர்யுகென் போட முடியாது. அடுத்து என்ன அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் மனம் குதிப்பைப் பார்ப்பதும் இல்லை.

ரியூவுக்கு எளிய ஆன்டி-ஏர், உட்கார்ந்தபடி ஹெவி பஞ்ச்: கீழ் திசையோடு ஒரே பட்டன். தாடைக்குக் கீழிருந்து மேலே போகும் குத்து. இதில் தொடங்கி, பழகியபின் ஷோர்யுகென்னுக்கு மாறுங்கள்.

ட்ரெயினிங் மோடில் எதிரே நிற்கும் டம்மியின் அசைவைப் பதிவு செய்ய வசதி இருக்கிறது. மூன்று பதிவு செய்யுங்கள்: ஒன்றில் முன்னே குதித்து உதை, ஒன்றில் கொஞ்சம் நடந்து நிற்பது, ஒன்றில் நெருப்புப்பந்து. மூன்றையும் மாறி மாறி வரும்படி ஓடவிட்டு, குதித்தால் மட்டும் அடியுங்கள், மற்றதைத் தடுங்கள். டம்மி குதித்துக்கொண்டே இருக்கும்படி வைத்துப் பழகினால் அது தாளம் பிடிக்கும் பயிற்சியாகிவிடும், ஆட்டத்தில் உதவாது. குதிக்குமா குதிக்காதா என்று தெரியாமல் நிற்பதில்தான் பயிற்சியே இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

கண்ணை எங்கே வைப்பது என்று பலர் கேட்பார்கள். உங்கள் ஆளைப் பார்க்க வேண்டாம். அவர் என்ன செய்கிறார் என்பது உங்கள் கைக்கே தெரியும். எதிராளியின் தலைக்குக் கொஞ்சம் மேலே பார்வை இருக்கட்டும்.

பிரேம்: இப்போது யாருடைய முறை?

பிரேம் கணக்கு என்றதும் பலர் பயந்து ஓடுகிறார்கள். அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கருத்து புரிந்தால் போதும்.

ஒவ்வொரு அடிக்கும் மூன்று பகுதி உண்டு. கையை ஓங்குவது, அடி படும் நேரம், கையை இழுத்துக்கொள்வது. ரியூவின் லைட் பஞ்ச் நான்காவது பிரேமில் அடிக்கும். ஆட்டத்தின் வேகமான சாதாரண அடிகளில் அதுவும் ஒன்று. ஹெவி அடிகள் ஓங்கவும் இழுக்கவும் அதிக நேரம் எடுக்கும்.

நீங்கள் அடித்ததை எதிராளி தடுத்துவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் கையை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரோ தடுப்பின் அதிர்வில் இருக்கிறார். யார் முதலில் விடுபடுகிறாரோ அவருடைய முறை. அவர் உங்களைவிட 3 பிரேம் முன்னால் விடுபட்டால் உங்கள் நிலை மைனஸ் 3. இப்போது இருவருமே நாலு பிரேம் குத்தை அழுத்தினால் அவருடையதுதான் முதலில் படும். அந்த நேரத்தில் நீங்கள் தடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலான அடிகளை வாங்குவது இந்த இடத்தில்தான்: தன் அடி தடுக்கப்பட்ட பிறகும் தன் முறை போலவே அடுத்த பட்டனை அழுத்துகிறார்கள்.

மைனஸ் 4 அல்லது அதற்கும் கீழே போனால் கதை இன்னும் மோசம். அவருடைய நாலு பிரேம் குத்து எட்டும் தூரத்தில் இருந்தால் நீங்கள் தடுக்கக்கூட முடியாது; அடி உறுதி. இதற்கு பனிஷ் என்று பெயர். தடுக்கப்பட்ட ஷோர்யுகென் இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அடித்தவர் வானத்தில் மிதந்து இறங்கும் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. தடுக்கப்பட்ட ஸ்வீப், அதாவது காலை வாரிவிடும் ஹெவி கிக், அதுவும் அப்படித்தான். கையை இழுக்கும் நேரத்தில் அடி பட்டால் திரையில் 'பனிஷ் கவுன்டர்' என்று வரும், அந்த அடிக்குப் பலமும் 20 சதவீதம் கூடும்.

ட்ரெயினிங் மோடில் பிரேம் மீட்டரை இயக்கினால் திரையில் வண்ணக் கட்டங்கள் ஓடும். ஓங்குவது ஒரு நிறம், அடிப்பது ஒரு நிறம், இழுப்பது ஒரு நிறம். உங்கள் ஆளின் அடிகளை ஒவ்வொன்றாகத் தடுக்கவிட்டுப் பாருங்கள். "இது தடுக்கப்பட்டால் என் முறை போச்சு", "இது தடுக்கப்பட்டால் நான் செத்தேன்" என்று இரண்டாகப் பிரித்து மனதில் வைத்துக்கொண்டால் முதல் சில மாதங்களுக்கு அது போதும்.

த்ரோ

தடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? பிடித்துத் தூக்கி எறிய வேண்டும். லைட் பஞ்ச்சும் லைட் கிக்கும் சேர்த்து அழுத்தினால் த்ரோ. அதைத் தடுக்க முடியாது. எதிராளியும் அதே நேரத்தில் அதே இரண்டு பட்டனை அழுத்தினால் விடுவித்துக்கொள்ளலாம். குதித்தும் தப்பலாம்.

ஆட்டத்தின் அச்சாணி இதுதான். அடியைத் தடுப்பு வெல்லும், தடுப்பை த்ரோ வெல்லும், த்ரோவை அடி வெல்லும், ஏனென்றால் த்ரோ ஐந்தாவது பிரேமில்தான் பிடிக்கும். எதிராளி பயந்து தடுத்துக்கொண்டே இருக்கிறாரா, நடந்து போய் எறியுங்கள். இரண்டு முறை எறிந்ததும் மூன்றாவது முறை விடுவிக்கப் பட்டனை அழுத்துவார். அப்போது கிட்டே போய், எறியாமல் அரை எட்டு பின்வாங்குங்கள். அவருடைய த்ரோ காற்றைப் பிடிக்கும், அவர் கை வெறுமனே நீண்டு நிற்கும். அந்த ஒரு கணம் உங்களுடையது. இதை முதல் முறை செய்து பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் மனதில் என்ன ஓடியது என்பதைப் படித்துவிட்ட மகிழ்ச்சி, எந்தக் காம்போவிலும் கிடைக்காத மகிழ்ச்சி.

கீழே விழுந்து எழும்போது இதே விளையாட்டு உங்கள் மேல் நடக்கும். எதிராளி கிட்டே நிற்கிறார். அடிப்பாரா, எறிவாரா தெரியாது. ஆரம்பக்காலத்துக்கு ஒரே விதி: தடுங்கள். எறிபட்டால் பரவாயில்லை, எறிதலின் சேதம் காம்போவைவிடக் குறைவு. எழுந்ததும் ஷோர்யுகென் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். சாதாரண ஷோர்யுகென் தரையில் நின்று அடிப்பவரிடம் பாதுகாப்பில்லாதது. டிரைவ் கேஜில் (அடுத்துச் சொல்லப்போகும் பச்சைப் பட்டை) இரண்டு கட்டம் செலவழிக்கும் ஓவர்டிரைவ் வகைதான் அடியை ஊடுருவிப் போகும். அதுவும் தடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

டிரைவ் கேஜ்

உயிர்ப் பட்டைக்குக் கீழே ஆறு கட்டங்கள் கொண்ட பச்சைப் பட்டை இருக்கிறதே, அதுதான் இந்த ஆட்டத்தின் தனிச்சிறப்பு. ஒவ்வொரு ரவுண்டும் அது நிறைந்த நிலையில் தொடங்கும். செலவழித்தால் குறையும், கொஞ்ச நேரத்தில் தானாக ஏறும், முன்னே நடந்தால் சீக்கிரம் ஏறும். எதிராளியின் அடியைத் தடுத்தாலும் குறையும்.

அதில் செய்யக்கூடியவை பல. முதலில் இரண்டை மட்டும் பாருங்கள்.

டிரைவ் இம்பாக்ட்: ஹெவி பஞ்ச்சும் ஹெவி கிக்கும் சேர்த்து, ஒரு கட்டம் செலவு. வண்ணம் தெறிக்கப் பாய்ந்து வரும் அடி. வழியில் இரண்டு அடிகள் வரை உள்வாங்கிக்கொண்டு வரும். மூலையில் நிற்பவர் தடுத்தாலும் சுவரில் மோதித் தளர்ந்துவிடுவார். கீழ்மட்டத்தில் இதைக் கண்டு எல்லோரும் கலங்கிப்போகிறார்கள். ஆனால் இது அடிக்க 26 பிரேம் எடுக்கும். பார்த்ததும் நீங்களும் டிரைவ் இம்பாக்ட்டை அழுத்தினால் பிந்தி அழுத்தியவரே வெல்வார். டம்மியைப் பதிவு செய்து, ஆன்டி-ஏர் பயிற்சியைப் போலவே இதையும் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகப் போகும்.

டிரைவ் பாரி: மீடியம் பஞ்ச்சும் மீடியம் கிக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. மேல், கீழ் என்ற பேதம் இல்லாமல் எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும். அடி படும் நேரத்தோடு சரியாக ஒத்துப்போனால் பர்ஃபெக்ட் பாரி. முறை உடனே உங்களுக்கு வந்துவிடும். ஆனால் பாரியில் இருப்பவரை எறிந்தால் அந்த த்ரோ பனிஷ் கவுன்டராக விழும். எனவே கிட்டத்தில் பாரியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆறு கட்டமும் தீர்ந்தால் 'பர்ன்அவுட்'. பட்டை முழுதும் திரும்ப நிறையும் வரை டிரைவ் எதுவும் கிடையாது, தடுத்தாலும் ஸ்பெஷல் அடிகளில் உயிர் கசியும், மூலையில் டிரைவ் இம்பாக்ட் வாங்கினால் மயங்கி நிற்பீர்கள். புதியவர்கள் பலர் முதல் பத்து நொடியிலேயே கட்டங்களைக் கொட்டித் தீர்த்துவிட்டு இந்த நிலையில் தவிக்கிறார்கள். பட்டை இரண்டு கட்டத்துக்கு இறங்கியதும் செலவை நிறுத்திவிட்டு நடையிலும் நெருப்புப்பந்திலும் ஆடுங்கள்.

இப்போது ஒரு காம்போ

காம்போ என்பது ஒரு காலத்தில் திட்டமிட்டு வைத்த அம்சமே கிடையாது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ உருவாக்கும்போது, ஓர் அடி முடிவதற்குள் அடுத்ததைச் செருக முடிகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் தற்செயலாகக் கவனித்தார்கள். கடினம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார்கள். அந்தத் தற்செயல்தான் இன்று ஒவ்வொரு ஃபைட்டிங் கேமிலும் நிலைத்து நிற்கிறது.

ரியூவுக்கு உட்கார்ந்த ஹெவி பஞ்ச், அது பட்டதும் ஹெவி ஷோர்யுகென். இரண்டே அடி. குத்து படும் அந்த நொடியில் ஷோர்யுகென் அசைவைச் செய்தால் குத்தின் மீதிப் பகுதி வெட்டுப்பட்டு அடுத்தது கிளம்பும். இதற்கு கேன்சல் என்று பெயர். முதல் குத்தை அழுத்திய கணமே கட்டை விரல் அடுத்த அசைவைத் தொடங்கிவிட வேண்டும். பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்கினால் தாமதம்.

எப்போது போடுவது? எதிராளியின் ஷோர்யுகென்னைத் தடுத்து, அவர் தரையில் இறங்கும்போது. அவர் உங்கள் முகத்துக்கு முன்னால் பெரிய அடி ஒன்றை வீணாக்கியபோது. அவ்வளவுதான். வேறு நேரத்தில் வெறும் ஷோர்யுகென்னை வீசிப் பார்த்தால், அவர் தடுத்துவிட்டு அதே தண்டனையை உங்களுக்குத் தருவார். ஒரே காம்போவை நூறு ஆட்டத்தில் சரியான நேரத்தில் போடுபவர், பத்து காம்போ தெரிந்தும் நேரம் தெரியாதவரை எளிதாக வெல்வார்.

நேரம் அறிவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியில் 2004-ல் நடந்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில் கென்னோடு ஆடிய டைகோ உமெஹாராவின் உயிர்ப் பட்டை ஏறக்குறைய காலி. தடுத்தாலே கசியும் உயிரில் செத்துவிடுவார். எதிரே ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தன் சூப்பரை, அதாவது மிகப் பலமான சிறப்புத் தாக்குதலை, கட்டவிழ்த்தார், 15 அடிகள். டைகோ பதினைந்தையும் பாரி செய்து, திருப்பி அடித்து ரவுண்டை வென்றார். அந்த ஆட்டத்தில் பாரி என்றால் அடி படும் நேரத்தில் முன் திசையைத் தட்டுவது. விரல் வேகத்தைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். ஆனால் முதல் அடியைப் பார்த்துவிட்டு விரலை அசைக்க நேரம் கிடையாது. ஜஸ்டின் இப்போது இதைத்தான் செய்வார் என்று அவர் முன்பே கணித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆன்லைனில்

முடிந்தால் இணைய வயரை நேரடியாகச் செருகி ஆடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரோல்பேக் முறையில் ஓடுகிறது: எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் தவறினால் நொடியில் பின்னோக்கித் திருத்தும். இணைப்பு நிலையாக இருந்தால் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. வைஃபையில் அடிக்கடி ஆள் 'தாவி' நிற்பதைப் பார்ப்பீர்கள், எதிரே இருப்பவருக்கும் அதே தொல்லை.

ரேங்க் போட்டியில் முதல் பத்து ஆட்டம் உங்கள் இடத்தை முடிவு செய்யும். அதன்பின் ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர் என்று ஏறும். ரேங்க் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனி; புது ஆளை எடுத்துப் பார்த்தால் பழைய ரேங்க் கெடாது.

ஓர் அமர்வுக்கு ஒரே குறிக்கோள் வைத்துக்கொள்ளுங்கள். "இன்று குதிப்பவரை எல்லாம் இறக்குவேன்", "இன்று டிரைவ் இம்பாக்ட்டுக்குத் திருப்பி அடிப்பேன்." வென்றேனா தோற்றேனா என்பதை விட்டு, அந்த ஒன்று எத்தனை முறை நடந்தது என்று எண்ணுங்கள். கோபம் வந்து பட்டனைக் கண்டபடி அழுத்தத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் கெட்ட பழக்கத்தைத்தான் கையில் ஏற்றும்.

தோற்ற ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்க்க வேண்டியதில்லை. ரீப்ளேயைத் திறந்து கடைசி ரவுண்டில் உங்கள் உயிர் அதிகமாகக் குறைந்த மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். ரீப்ளேயிலும் பிரேம் மீட்டரும், இருவரும் அழுத்திய பட்டன்களும் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: அப்போது யாருடைய முறை? மூன்றில் இரண்டு இடங்களில், எதிராளியின் முறையில் நீங்கள் பட்டனை அழுத்தியிருப்பது அம்புக்குறிகளில் அப்படியே தெரியும். அந்த ரீப்ளேயின் உள்ளேயே புகுந்து, அந்தக் கணத்திலிருந்து உங்கள் ஆளை நீங்களே ஆட்டிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. அதே இடத்தில் இம்முறை கீழ்ப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு, என்ன வருகிறது என்று பாருங்கள்.